சரிபார்க்கப்படாத பெயர்

கிழக்குத் தாம்பரம்
12.1.1997

அன்புள்ள சுந்தர்,

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய அட்டை வந்தது. பதில் தாமதமானதற்குக் காரணம், இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இருந்ததுதான்.

என் வீட்டின் பின்பகுதியில் குடியிருக்கும் நர்ஸ் செல்வமேரியை நீ மறந்திருக்க மாட்டாய். போன தடவை நீ வந்தபோது உன் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கும்வரை மடியில் வைத்திருந்தவள். நீ புரோகிராம் எழுதிக் கொடுத்தாயே, அதே மருத்துவமனையில்தான் இத்தனை வருடமும் வேலை பார்த்தாள். இப்போது அவளை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள்.

நவம்பர் கடைசியில் பெருமழை பெய்த ஒரு சாயங்காலம். பெண்கள் வார்டில் ஒன்பதாம் கட்டிலில் கங்கையம்மாள் என்று ஒரு அம்மா. பீர்க்கன்கரணைக்காரர். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து சேர்ந்தவர், சர்க்கரை வியாதி கிடையாது. கம்ப்யூட்டரில் அவருடைய பக்கத்தில் இன்சுலின் போடச் சொல்லி ஒரு வரி ஏறியிருந்தது. டாக்டர் வாயால் சொல்வதை நர்ஸ்தான் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அங்கே வழக்கமாம். அடுத்து வேலைக்கு வந்த பெண் அந்த வரியைப் பார்த்து ஊசி போட்டுவிட்டாள். கங்கையம்மாள் நினைவு தப்பி, இரண்டு நாள் கழித்துக் காலமானார்.

அந்த வரிக்கு நேரே இருக்கும் பெயர் செல்வமேரி.

அவள் அப்போது வார்டிலேயே இல்லை என்கிறாள். மருந்து வாங்கக் கீழே போயிருந்தாளாம். சூப்பரிண்டெண்ட் டாக்டர் ராஜகோபாலன் கேட்டாராம்: "உன் பாஸ்வேர்டு உன்னைத் தவிர யாருக்கும் தெரியாதுன்னு நீயே சொல்ற. அப்ப ஒண்ணு நீ எழுதின, இல்லை, யாருக்கோ பாஸ்வேர்டைக் கொடுத்த. ரெண்டுமே தப்புதானேம்மா?"

மார்ச் மாதம் இறுதி விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போவது மட்டுமில்லை, நர்ஸ் என்ற பதிவே போய்விடும். அதைவிட, ஒரு உயிரைக் கொன்றவள் என்ற பேச்சு. இப்போதே ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட அவள் போவதில்லை.

எனக்கு ஒன்று மட்டும் சொல். டாக்டர் சொன்ன அந்த இரண்டு வழியைத் தவிர மூன்றாவது வழி ஒன்று உண்டா?

அக்கா தபீதாள்


சிங்கப்பூர்
25.1.1997

அன்பு அக்கா,

படித்ததும் மனது கனத்துவிட்டது. ஆனால் கேட்டதற்கு நேரான பதில்: மூன்றாவது வழி இல்லை.

வார்டில் இருக்கும் கம்ப்யூட்டர், நர்ஸ் அடிக்கும் பெயரையும் பாஸ்வேர்டையும் மாடி அலுவலகத்தில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அதை நாங்கள் காவல் கம்ப்யூட்டர் என்போம். அது தன்னிடம் உள்ளதோடு ஒப்பிட்டு "சரி" என்றால்தான் வார்டு கம்ப்யூட்டரிலேயே இருக்கும் நோயாளிகளின் பக்கங்கள் திறக்கும். "தவறு" என்றால் திறக்காது. இதில் நடுவே எதுவும் இல்லை.

பாஸ்வேர்டு ஒரு சாவி. சாவியை யாரிடம் கொடுத்தோம் என்று பூட்டுக்குத் தெரியாது. செல்வமேரி அக்கா நல்லவர்கள், சந்தேகமில்லை. நல்லவர்களும் அவசரத்தில் சாவியைக் கொடுப்பார்கள். யாரிடம் சொன்னார்கள் என்று ஒருமுறை அமைதியாகக் கேட்டுப் பாருங்கள்.

இங்கே வங்கி வேலையில் மூச்சுவிட நேரமில்லை. கோபிக்க வேண்டாம்.

சுந்தர்சிங்


கிழக்குத் தாம்பரம்
5.2.1997

அன்புள்ள சுந்தர்,

கேட்டேன். அவள் அழவில்லை, கோபப்படவுமில்லை. "டீச்சர், நீங்களுமா?" என்றாள். அந்த இரண்டு சொல்லுக்குப் பிறகு நான் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கப் போவதில்லை.

உன் பூட்டுக் கதையை யோசித்துக்கொண்டே இருந்தேன். எங்கள் பள்ளியில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. வேதியியல் ஆய்வகத்துச் சாவி வாட்ச்மேன் ஞானையாவிடம் இருக்கும். ஆசிரியர் வந்து கேட்டால் முகம் பார்த்துத்தான் திறந்துவிடுவார். நல்ல ஏற்பாடு. ஆனால் ஞானையா லீவு போட்ட நாளில்? பிள்ளைகளின் செய்முறை வகுப்பு நின்றுவிடக் கூடாதே என்று கதவைப் பூட்டாமலே விட்டுவிடுவார்கள். எங்கள் ஏற்பாடு நல்லதா கெட்டதா என்று தெரிய, ஞானையா இருந்த நாளைப் பார்த்துப் பயனில்லை. அவர் இல்லாத நாளைத்தான் பார்க்க வேண்டும்.

அதனால் மருத்துவமனைக்கே போய் உட்கார்ந்து நாலு பேரிடம் பேசினேன். இரண்டு விஷயம் கிடைத்தது.

ஒன்று, அந்தச் சாயங்காலம் கரண்ட் இல்லை. வார்டுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் ஜெனரேட்டர் உண்டு. மாடி அலுவலகத்துக்கு அந்த லைன் போகவில்லை. கணக்காளர் சொன்னார்: "மழைன்னா எங்களுக்கு மெழுகுவத்திதாம்மா. மேல எந்த மிஷினும் ஓடாது. பேட்டரி செத்து ஒரு வருஷமாச்சு."

இரண்டு, அன்று செல்வமேரியோடு வேலை பார்த்த தனம். முடிச்சூரிலிருந்து வருகிற பெண். ஆறாம் கட்டிலுக்கு இன்சுலின் என்று டாக்டர் தன்னிடம்தான் சொன்னார், ஆறாம் கட்டில் பக்கத்தில் தான் தன் பெயரிலேயே அதை ஏற்றியதாகச் சொல்கிறாள். ஆனால் கம்ப்யூட்டரில் அவள் பெயரில் அன்று ஒரு வரிகூட இல்லை. "நான் அடிச்சேங்க. மிஷினு முழுங்கிச்சி. சொன்னா சிரிக்கிறாங்க" என்றாள். தோழியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று எல்லோரும் முடிவு கட்டியிருக்கிறார்கள்.

ஆகவே, தம்பி, என் கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். மாடியில் காவல் கம்ப்யூட்டர் அணைந்து கிடக்கிறது. வார்டில் ஒருத்தி பெயரும் பாஸ்வேர்டும் அடிக்கிறாள். "சரி" என்றும் பதில் வராது, "தவறு" என்றும் பதில் வராது. அப்போது உன் கதவு என்ன செய்யும்?

அக்கா


சிங்கப்பூர்
16.2.1997

அக்கா,

உங்கள் கடிதம் வந்ததும் பழைய ஃபிளாப்பியைத் தேடி எடுத்து நான் எழுதியதை நானே வரி வரியாகப் படித்தேன்.

கதவு திறக்கும்.

எந்தப் பாஸ்வேர்டு அடித்தாலும் திறக்கும். மூன்று வரி. நான் எழுதியதுதான்.

ஏன் எழுதினேன் என்பதையும் கேளுங்கள். 93-இல் இந்த ஏற்பாடு தொடங்கிய புதிதில் ஒரு நாள் கரண்ட் போனது. பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவள் ரத்த வகை கம்ப்யூட்டருக்குள்ளே, நர்ஸ் வெளியே. காவல் கம்ப்யூட்டர் பதில் சொல்லாததால் கதவு திறக்கவில்லை. நான் அங்கேயே நின்றிருந்தேன், அக்கா. டாக்டர் ராஜகோபாலன் என் சட்டையைப் பிடித்து, "உன் பூட்டு யாருக்குய்யா? திருடனுக்கா, என் பேஷண்டுக்கா?" என்றார். அந்தப் பெண் பிழைத்தாள். அன்றே உட்கார்ந்து அந்த மூன்று வரியைச் சேர்த்தேன். அலுவலகத்துக்கு ஜெனரேட்டர் லைன் இழுத்தபின் அதை எடுத்துவிடுவதாகப் பேச்சு. லைன் இழுக்கவில்லை. நான் இங்கே வந்துவிட்டேன். இன்றைக்கு அதே இடத்தில் நின்றாலும் அதையேதான் எழுதுவேன் என்று நினைக்கிறேன்.

தனம் விஷயமும் எனக்குப் புரிந்துவிட்டது. கடைசியாக உள்ளே போனவரின் பெயர் பெட்டியில் அப்படியே நிற்கும். நர்ஸுகளுக்குத் தட்டச்சு மெதுவாக வந்ததால் அப்படி வைத்தேன். பெட்டியில் செல்வமேரி பெயர் நின்றிருக்கும். தனம் அதைக் கவனிக்காமல் தன் பாஸ்வேர்டை மட்டும் அடித்திருப்பாள். மற்ற நாளாக இருந்தால் "தவறு" என்று வந்திருக்கும். அன்று திறந்துவிட்டது. உள்ளே போனால், அந்தப் பெயருக்கு உரியவர் கடைசியாகப் பார்த்த பக்கம்தான் முதலில் விரியும். செல்வமேரி கடைசியாகப் பார்த்தது ஒன்பதாம் கட்டில்.

இது என் ஊகம்தான். ஆனால் வேறு எப்படியும் பொருந்தவில்லை.

இப்போது ஒரு வேண்டுகோள், தயவுசெய்து கேளுங்கள். இதை யாருக்கும் சொல்லாதீர்கள், செய்துகாட்டவும் வேண்டாம். குரோம்பேட்டையில் என் பழைய தொழில் கூட்டாளி தட்சிணாமூர்த்தி இதே புரோகிராமை இன்னும் நாலு மருத்துவமனைகளில் போட்டிருக்கிறான். அங்கேயும் இதே கதவு. மெயின் சுவிட்சை அணைத்தால் யார் பெயரிலும் நுழையலாம் என்று வெளியே தெரிந்துவிட்டால், கேட்பவர்கள் எல்லோரும் உங்களைப் போல இருக்க மாட்டார்கள். முதலில் சரிசெய்கிறேன். எல்லா இடத்திலும் மாற்றியபின் சொல்லலாம். மே மாதம்வரை பொறுங்கள்.

சுந்தர்


கிழக்குத் தாம்பரம்
26.2.1997

சுந்தர்,

விசாரணை மார்ச் இருபதாம் தேதி. நீ மே மாதம்வரை பொறுக்கச் சொல்கிறாய்.

உன் கடிதத்தைப் படித்தபோது முதலில் எனக்கு உன்மேல் இரக்கம்தான் வந்தது. அந்தப் பிரசவ வார்டில் நின்றது நீ என்பதும், அதை எனக்கு இத்தனை வருடம் சொல்லவில்லை என்பதும். கடைசிப் பத்தியைப் படித்தபோது இரக்கம் போய்விட்டது. வினாத்தாளில் ஒரு கேள்வி தவறு என்று தெரிந்துவிட்டது என்று வை. மற்ற ஊர்ப் பள்ளிகளுக்கும் ஒரே நேரத்தில் சொல்ல முடியவில்லை என்பதற்காக, என் கண்முன் உட்கார்ந்து அழும் பிள்ளையிடம் சும்மா இரு என்று சொல்வேனா?

ஆனாலும் நீ சொல்வதிலும் நியாயம் இருப்பதால்தான் இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். பின்வீட்டில் அவள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கிறது. அவளைக் காப்பாற்றும் சொல் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. இது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது.

நேற்று குரோம்பேட்டைக்குப் போய் தட்சிணாமூர்த்தியைப் பார்த்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் சைக்கிள் கடைக்கு மேல்மாடி. உன் கடிதத்தைக் காட்டவில்லை, விஷயத்தை மட்டும் சொன்னேன். ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தான்.

"டீச்சரம்மா, இத வெளிய சொன்னீங்கன்னா நான் கடைய மூடிட்டு கீழ வந்து பஞ்சர் ஒட்ட வேண்டியதுதான்."

"ஒட்டு. அந்த வேலையில் ஓட்டையை மறைக்க முடியாது, அடைத்துத்தான் ஆக வேண்டும்" என்றேன்.

எழுந்து ஃபேனை மறுபடி போட்டான். பிறகு, "சுந்தர் புது புரோகிராம் அனுப்பட்டும். நாலு எடத்துலயும் நானே போய் போட்டுடறேன். ஆனா அவன் எழுதணும், என்னால அதுல கை வெக்க முடியாது" என்றான். நீ நினைத்த அளவுக்கு அவன் கெட்டவனில்லை. பயந்தவன்.

ஆகவே இதுதான் ஏற்பாடு. நீ மார்ச் பத்துக்குள் திருத்தி அனுப்பு. மற்ற நாலு இடத்திலும் முதலில் மாற்றட்டும். நம் மருத்துவமனையில் கடைசியாக மாற்றட்டும், பழையது இருந்தால்தான் செய்துகாட்ட முடியும். இருபதாம் தேதி நான் செய்துகாட்டுவேன். உன் திருத்தம் வந்தாலும் வராவிட்டாலும்.

தபீதாள்


சிங்கப்பூர்
5.3.1997

அக்கா,

என் கைகளைக் கட்டிப்போட்டுவிட்டு நீச்சலடிக்கச் சொல்கிறீர்கள். இங்கே பகலெல்லாம் வங்கி வேலை. பிழை திருத்தம் என்பது விடைத்தாளில் சிவப்பு மையால் சுழிப்பது இல்லை. ஒன்றைத் தொட்டால் ஒன்பது உடையும்.

செய்துவிட்டேன். இங்கிருந்து வரும் ஒரு நண்பர் கையில் ஃபிளாப்பிகள் வருகின்றன. இனிமேல் காவல் கம்ப்யூட்டர் பதில் சொல்லாவிட்டால் கதவு திறக்காது. யாருக்கும், எதற்கும். நீங்கள் கேட்டது இதுதானே.

சுந்தர்


கிழக்குத் தாம்பரம்
9.3.1997

அன்புள்ள சுந்தர்,

ஃபிளாப்பிகள் நேற்று வந்தன. தட்சிணாமூர்த்தியிடம் இன்னும் கொடுக்கவில்லை. கோபப்படாமல் படி.

இனியும் பொறுக்க முடியாமல் செல்வமேரியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு அந்த உரிமை உண்டு. நீ எழுதிய மூன்று வரியால்தான் அவள் இந்தக் கதிக்கு ஆளானாள் என்றும், அதை நீ எடுத்துவிட்டாய், இனி கதவு பூட்டியே இருக்கும் என்றும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

 அவள் கேட்டாள்: "கரண்ட் போச்சுன்னா நாங்க எப்படி டீச்சர் உள்ள போவோம்?"

"போக முடியாது" என்றேன்.

"அப்ப வேணாம்னு சொல்லுங்க. யாருக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு அதுக்குள்ளதான் இருக்கு. மழைக்காலத்துல வாரத்துக்கு ரெண்டு தடவை கரண்ட் போவுது. தம்பி மொதல்ல செஞ்சது தப்பில்ல டீச்சர். என் பேரு போனா போவட்டும், கதவ மூடிடாதீங்க."

அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். கதவைத் திறந்து வைத்ததால் எல்லாம் இழக்கப் போகிறவள் சொன்னது இது. இதற்கு மேல் நான் உனக்கு எடுத்துக்காட்டு சொல்ல வேண்டியதில்லை.

ஞானையா லீவு போட்ட நாளில் கதவைப் பூட்டியும் வைக்காமல், அதுபாட்டுக்குத் திறந்தும் போடாமல், எங்கள் தலைமையாசிரியை பிறகு ஒன்று செய்தார்கள். வாசலில் ஒரு நாற்காலி போட்டார்கள். உள்ளே போகிறவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும், கூட ஒருவர் நின்று "ஆமாம், இவர்தான்" என்று சொல்ல வேண்டும். அன்று ஞானையா இல்லை என்பதையும் எழுதி வைக்க வேண்டும். உன் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு நாற்காலி போட முடியுமா?

போன கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். நீ தூங்கியிருக்க மாட்டாய் என்று தெரியும். இதை வேக அஞ்சலில் அனுப்புகிறேன்.

அக்கா


சிங்கப்பூர்
14.3.1997

அன்பு அக்கா,

முடியும்.

பெயர்ப் பெட்டி இனி எப்போதும் காலியாகவே இருக்கும், ஒவ்வொருவரும் தன் பெயரை அடித்துத்தான் ஆக வேண்டும். காவல் கம்ப்யூட்டர் பதில் சொல்லாவிட்டால் கதவு திறக்கும், ஆனால் பக்கத்தில் நிற்கும் இன்னொரு நர்ஸின் பெயரையும் கேட்கும். பழைய பக்கம் தானாக விரியாது, கட்டில் எண்ணைக் கேட்கும். அப்போது எழுதும் ஒவ்வொரு வரிக்கும் நேரே "பெயர் சரிபார்க்கப்படவில்லை" என்று அச்சாகும். அதை யாராலும் அழிக்க முடியாது.

எங்கே தவறு செய்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது. கதவைத் திறந்தது தவறில்லை. திறந்துவிட்டு, பூட்டியிருந்தது போலவே எழுதி வைத்தேன். தெரியாததைத் தெரிந்ததாக ஒரு பெயரைப் போட்டு அச்சடித்தேன்.

திருத்திய ஃபிளாப்பிகளை விமானத்தில் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதமும் அதே உறையில்தான். முதலில் அனுப்பியவற்றை உடைத்துப் போடுங்கள். டாக்டர் ராஜகோபாலனுக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அந்த மூன்று வரி என்னுடையது என்று என் கையெழுத்தில் இருக்கிறது.

செல்வமேரி அக்காவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீங்களே ஏதாவது சொல்லுங்கள்.

சுந்தர்


கிழக்குத் தாம்பரம்
22.3.1997

அன்புள்ள சுந்தர்,

நாலு இடத்திலும் தட்சிணாமூர்த்தி மாற்றிவிட்டான். கடைசி இடத்திலிருந்து நேரே விசாரணைக்கு வந்து சேர்ந்தபோது சட்டையெல்லாம் வியர்வை. அதனால் நான் வாயைத் திறக்க முடிந்தது.

விசாரணை வார்டுக்குப் பக்கத்து அறையில். வார்டு கம்ப்யூட்டரை அங்கே நகர்த்தி வைத்திருந்தார்கள். டாக்டர் ராஜகோபாலன், நிர்வாகத்திலிருந்து இருவர், செல்வமேரி, சாட்சியாகத் தனம். கங்கையம்மாளின் மகன் துரையையும் அழைத்திருந்தார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர். காக்கிச் சட்டையோடு சுவரோரமாக நின்றார்.

டாக்டர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்தார். "சட்டையைப் புடிச்சது எனக்கும் ஞாபகம் இருக்கு" என்றார்.  செல்வமேரியை ஒருமுறை உள்ளே போய் ஒரு கட்டிலின் பக்கத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரச் செய்து, பிறகு மாடியில் சுவிட்சை அணைக்கச் சொன்னார்.

பெட்டியில் செல்வமேரி என்று பெயர் நின்றது. நான் தனத்தைப் பார்த்து, "அன்றைக்குப் போலவே உட்கார்ந்து உன் பாஸ்வேர்டை அடிம்மா" என்றேன். உட்கார்ந்தாள். கண் பெயர்மேல் போகவே இல்லை, சுந்தர். கை பழக்கத்தில் கீழே இறங்கி அடித்தது. கதவு திறந்தது. செல்வமேரியின் பெயரும், அவள் கடைசியாகப் பார்த்த கட்டிலின் பக்கமும் திரையில் வந்தன.

 நிர்வாகத்துக்காரர் ஒருவர், "சரி, அப்ப அன்னைக்கு யார் வேணா எழுதியிருக்கலாம். யாருன்னு சொல்ல முடியாது. இதோட முடிச்சுக்கலாம்" என்றார். செல்வமேரி பிழைத்துவிட்டாள். தனத்துக்கும் ஒன்றுமில்லை. அவள் எழுந்து போயிருக்கலாம்.

அவள் எழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருன்னு சொல்ல முடியாதுன்றீங்களே. நான்தாங்க அது. மிஷினு முழுங்கலை. மேல பேரு என்னா, கட்டிலு என்னான்னு நான்தான் பாக்கல" என்றாள்.

அவளை யாரும் கேட்கவில்லை என்பதையும் எழுதுகிறேன்.

செல்வமேரி எழுந்து போய் அவள் தோளில் கை வைத்தாள். துரை சுவரோரத்திலிருந்து முன்னால் வந்தார். டாக்டரிடம் கேட்டார்: "எங்கம்மா பேரு இன்னும் இதுல கீதா சார்?"

"இருக்குப்பா."

"அழிச்சிடாதீங்க. கரண்ட் போனா இன்னா ஆவும்னு அடுத்த தபா எவனாவது கேட்டா, காட்டுங்க."

யாரையும் பார்க்காமல் வெளியே போய் ஆட்டோவைக் கிளப்பினார். அவர் மன்னித்தார் என்று நான் உனக்கு எழுத மாட்டேன். அப்படி எதுவும் அவர் சொல்லவில்லை.

அன்று பிற்பகலே இங்கும் புதியதைப் போட்டார்கள்.

அக்கா


சிங்கப்பூர்
4.4.1997

அன்பு அக்கா,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். இங்கே வங்கியில் என் கீழ் வேலை செய்யும் பிள்ளைகளிடம் நேற்று கேட்டேன்: "நாம் பார்த்துக்கொள்ளும் கதவுகளில், காவலாளி இல்லாதபோது எது திறக்கும், எது பூட்டும்?" யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம்.

தனத்துக்கு என்ன ஆனது? அதை நீங்கள் எழுதவில்லை. எழுதாமல் விட்டதால் பயமாக இருக்கிறது.

சுந்தர்


கிழக்குத் தாம்பரம்
20.6.1997

அன்புள்ள சுந்தர்,

முடிவு தெரியாததால்தான் எழுதவில்லை. தனத்தை இரண்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கண்டிப்பு ஓலை ஒன்றும் கொடுத்தார்கள். நீக்கவில்லை. டாக்டர் ராஜகோபாலன் அவளுக்காகப் பேசினாராம். மாடிக்கு ஜெனரேட்டர் லைன் இழுக்காததற்குத் தானும் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். லைனை இப்போது இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். பாதி முடிந்திருக்கிறது.

தனம் ஜூன் முதல் தேதி வேலைக்குத் திரும்பினாள். வார்டில் யாரும் அவளோடு சேர்ந்து நிற்கவில்லை. அவள் தொட்ட மருந்தை இன்னொருத்தி எடுத்துப் பார்க்கிறாளாம். பழியோடு அங்கே நிற்பது எப்படி இருக்கும் என்று செல்வமேரிக்குத்தான் தெரியும். ஆனால் இருவரும் பேசிக்கொண்டதாக அவள் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை இங்கே இடியோடு மழை. கரண்ட் போனது. வார்டில் ஒரு பாட்டிக்கு மூச்சுத் திணறல், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று உடனே பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரில் உட்கார்ந்தது செல்வமேரி. கதவு திறந்தது. நீ எழுதியபடியே கூட நிற்பவர் பெயரைக் கேட்டது. சுற்றி நாலு நர்ஸ்கள் நின்றிருந்தார்கள். தனம் தள்ளிப்போய்க் கதவோரம் நின்றிருந்தாளாம்.

பாட்டி நலம். மறுநாள் டாக்டர் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, உனக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தார். நோயாளியின் பெயரை மையால் மறைத்திருக்கிறார். இதோடு வைத்திருக்கிறேன். செல்வமேரி என்ற பெயருக்கு நேரே, பெயர் சரிபார்க்கப்படவில்லை என்று இருக்கும். அதற்குக் கீழே, உடன் நின்றவர் என்ற இடத்தில் அவள் அடித்திருப்பதைப் பார்.

தனம்.

அக்கா தபீதாள்